மாப்பிள்ளை முகம் சுளித்தபோது

அடுத்தவர் முகத்தைப் பற்றிச் சொல்ல என் மனைவியிடம் பல சொற்கள் உண்டு. முகம் வாடியிருக்கிறது என்றால் பசி, இல்லை அசதி. சுண்டிப் போயிருக்கிறது என்றால் மனதில் ஏதோ வருத்தம். உம்மென்று இருக்கிறது என்றால் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறது என்றால் காரணம் அநேகமாக நாம்தான், ஆனாலும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சொல் இருக்கிறது. அதை அவள் லேசில் வாயில் எடுக்க மாட்டாள். போன வருடம் ஒரு நாள் காலைத் தொழுகை முடித்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"மாப்பிள்ள மூஞ்சியச் சுளிக்காஹ."

விரலில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுபோனது.

மாப்பிள்ளை என்றது எங்கள் ஒரே மகளின் கணவரை. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் காயல்பட்டினத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீட்டில் நல்ல அறை அவருக்கு, நல்ல தட்டு அவருக்கு. அவர் மாடியிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டாலே மற்றவர்களின் பேச்சு தாழ்ந்துவிடும். அவரிடம் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. அவருக்கு வேண்டியதை மனைவியிடம் சொல்லுவார், அவள் தன் உம்மாவிடம் சொல்லுவாள், பிறகு அது என்னிடம் வரும். மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது எங்கள் வீட்டில் பெருநாள் அன்று மட்டும்தான், அதுவும் ஸலாமோடு முடிந்துவிடும். இதை நாங்கள் மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆகவே அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய எங்களுக்கு இருந்த ஒரே வழி அவர் முகம்தான்.

அவர் வளைகுடாவில் குளிர்சாதன லாரி ஓட்டுகிறவர். நல்ல பிள்ளை, அதிகம் பேசாதவர். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போனார். அப்போது லீவில் வந்திருந்தார். வந்த மறுநாள் காலையில்தான் இது.

திரையை விலக்கி நானும் பார்த்தேன். இடியாப்பமும் கறியாணம் என்கிற கறிக்குழம்பும் இனிப்பான வட்டிலப்பமும் விரிப்பில் பரப்பியிருந்தன. மாப்பிள்ளை படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு புருவமும் நடுவில் முட்டி, ஒரு கண் பாதி மூடி, மேலுதடு ஏறி, கெட்டுப்போன ஏதோ ஒன்றை முகர்ந்தவர் போல இருந்தது முகம். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். ஆனால் நாங்கள் பார்த்ததைப் பார்த்துவிட்டோம்.

இதற்கா இத்தனை பயம் என்று கேட்கலாம். என் தங்கச்சி அடுத்த வீட்டில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. அவளைக் கட்டிய மாப்பிள்ளை, பல வருடங்களுக்கு முன்னால், இதே போன்ற ஒரு விரிப்பின் முன்னால் முகத்தைச் சுளித்தார். கையைக் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான், வரவே இல்லை. பிறகு பேச்சு பெரியவர்கள் வழியாக நடந்தது, அந்தக் கல்யாணம் முறிந்தும் போனது. அவருக்கு எது பிடிக்கவில்லை என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஆணத்தில் உப்பு கூடிவிட்டது என்று என் உம்மா மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் வந்து இருக்கிற மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டால் அந்தப் பெண் இருந்த இடத்திலேயே தனியாகிவிடுகிறாள். வீடு அதேதான், அறையும் அதேதான், ஆள் மட்டும் இல்லை. என் தங்கச்சியை நான் தினமும் பார்க்கிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தொப்பி, கைலி, அத்தர் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கைலியை எடுத்துப் போடுவேன். வீட்டிலும் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

முதலில் சாப்பாட்டை மாற்றினோம். அவர் மீன் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். மீன் பழசு போல என்று என் மனைவிக்கு ஒரே அவமானம். அவளுடைய தம்பிக்கு, என் மச்சானுக்கு, தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை. அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் வேலை முடிந்து தருவைகுளம் வரைக்கும் வண்டியை விட்டு, படகிலிருந்து இறங்கிய விளமீனாகப் பார்த்து ஐஸ் போட்டுக் கொண்டுவந்தான். அதையும் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துப் பார்த்து, விரலால் இரண்டு தடவை தடவிவிட்டு, ஒதுக்கி வைத்தார்.

அடுத்து அறை. இருட்டாக இருக்கிறது என்று நினைக்கிறாரோ என்று மாடியில் நீளமான புது எல்இடி விளக்கு ஒன்று மாட்டினோம். எரியவிட்டால் பின்பக்கத்து முடுக்குச் சந்து வரைக்கும் வெளிச்சம் அடித்தது. அன்று அறைக்குள் நுழைந்தவர் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு அப்படிச் சுளித்தாராம். மகள் வந்து சொன்னாள்.

"வெளிச்சமும் புடிக்கலயாம்," என்றாள் என் மனைவி. "நாம என்னதான் செய்ய?"

கடைசியில் அவள் தம்பியைத் தூது அனுப்பினோம். மாப்பிள்ளையோடு கடற்கரைக்குப் போய், காற்று வாங்குகிற சாக்கில் மெதுவாகக் கேட்டு வா என்றோம். எங்கள் ஊரில் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் எல்லாம் கடற்கரையில்தான் இருப்பார்கள். அவன் திரும்பி வந்து பலகையில் உட்காருவதற்குள் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாஹ?"

"ஒண்ணுமில்ல லாத்தா, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாஹ."

"எப்படிச் சொன்னாஹ?"

"வாயாலதான் சொன்னாஹ லாத்தா."

"ஏலே, வெளையாடாத. மூஞ்சி எப்படி இருந்திச்சுன்னு கேக்கேன்."

"சுளிச்சாப்புலதான் இருந்திச்சு. வெயிலு மூஞ்சியில அடிச்சிது."

"நம்ம கடக்கரையில சாயங்காலம் ஏதுல மூஞ்சியில வெயிலு? பொழுது ஊருக்குப் பின்னால போயில்லா அடையும்?"

அவன் சுண்டல் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

அன்று மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டோம். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்ட நல்லாத்தான் பேசுறாஹ வாப்பா. பக்கத்துல போய் உக்காந்தா சிரிக்காஹ. வாசல்ல நின்னா மட்டும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருது. நான் யாரோ மாதிரி பாக்காஹ." முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டு, "நான் கறுத்துட்டேனா வாப்பா?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதில் எல்லாம் இருந்தது. அன்று என் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. உள்ளே போய் இரண்டு ரக்அத் தொழுதேன். யா அல்லாஹ், என் வீட்டில் இன்னொரு பெண் என் தங்கச்சி போல அறையில் தனியாக உட்காரக் கூடாது என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாண விருந்து வந்தது. எங்கள் பக்கத்து விருந்தில் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். யாரோடு உட்காருகிறோம் என்பதும், யார் யாருக்கு ஸலாம் சொன்னார் என்பதும் அடுத்த நாள் பேச்சாகும். பந்தலுக்கு வெளியே நல்ல வெயில். எங்கள் தெருவில் மதிப்பான ஒரு பெரியவர் எதிரே வந்து மாப்பிள்ளைக்குக் கையை நீட்டினார். மாப்பிள்ளை அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சுளித்துவிட்டு, நீட்டிய கையைத் தொடாமல் தாண்டிப் போய்விட்டார். நான் நாலு ஆளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

மறுநாள் பெரியவர் என் கடைக்கு வந்தார். தொப்பி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டு மாப்பிள்ள கைய ரொம்ப வெலைக்கி வச்சிருக்காரோ?" என்றார். "நீட்டுன கைய நானே புடிச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்."

"தெரியாம நடந்திருக்கும். மனசுல வச்சிக்காதீங்க."

"மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டுப் போறதும் தெரியாம நடக்குமோ? சவுதிக்காசு பேசுது. உங்களையும் ஒரு நாள் இப்படித்தான் தாண்டிப் போவாரு, பாத்துக்கிடுங்க."

தொப்பியை வாங்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பேச்சு எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் நடக்கிற முடுக்கு வழியாக வந்திருக்க வேண்டும். அதையாவது பொறுத்திருப்போம். நான் போனபோது மகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

"என்னன்னு சொல்லிட்டுப் போனாஹ?"

"வாரேன்னு சொன்னாஹ. எப்பன்னு சொல்லல. நானும் கேக்கல."

அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்த தட்டு கவிழ்த்தபடியே இருந்தது. என் மனைவி அதை எடுத்து உள்ளே வைக்கவும் பயந்தாள், வெளியே விடவும் பயந்தாள். மச்சானை மறுபடி அனுப்பலாமா, பெரியவர்களைப் பிடிக்கலாமா என்று நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தபோது நடுக்கதவு திறந்தது. என் தங்கச்சி வந்து நின்றாள். பெரும்பாலும் அவள் இந்த மாதிரிப் பேச்சு நடக்கும்போது வர மாட்டாள்.

"காக்கா, நீங்களே போய்க் கேளுங்க," என்றாள் அண்ணனாகிய என்னிடம்.

"நான் எப்படிக் கேக்க? மாப்பிள்ளகிட்ட..."

"அன்னைக்கி எழுந்து போனவங்களயும் யாரும் ஒரு வார்த்த கேக்கல. வாப்பா கேக்கல, நீங்க கேக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன், நானும் கேக்கல. மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னோம். ஆணத்துல உப்பு கூடிட்டுன்னு நாமளே சொல்லிக்கிட்டோம்." அவள் குரல் உயரவில்லை. "இவளுக்காவது கேளுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மக்ரிப் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். மாப்பிள்ளை எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழுந்து நின்று முன் சுவரைப் பார்த்தார். அங்கே தொழுகை நேரம் காட்டுகிற மின்பலகை தொங்குகிறது. எண் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், சிவப்பு வெளிச்சம். மாப்பிள்ளை அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அதே சுளிப்பு. புருவம் முட்டி, ஒரு கண் பாதி மூடி, மேலுதடு ஏறி. தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு எட்டு முன்னால் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து, "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அந்த ஆள் பலகையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மணியைச் சொன்னான்.

கடிகாரத்தின் மேல் யாருக்கு என்ன கோபம் இருக்கும்? முள் மீனை ஒதுக்கியது, விளக்குக்குக் கைமறைத்தது, வாசலில் நின்ற மகளை யாரோ போலப் பார்த்தது, பெரியவரின் கையைத் தாண்டியது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு பயம் போனது போல இருந்தது. போன இடத்தில் அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. லாரி ஓட்டுகிற பிள்ளை.

மறுநாள் அஸருக்குப் பிறகு கடற்கரையில் அவரைக் கண்டேன். தனியாக மணலில் உட்கார்ந்திருந்தார். மச்சான் என்னோடு வந்திருந்தான். அவனைச் சுண்டல் வாங்க அனுப்பிவிட்டு நான் மட்டும் பக்கத்தில் போனேன். ஸலாம் சொன்னதும் பதறி எழுந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ள. ஒண்ணு கேக்கணும். மரியாதைக் கொறச்சலா நெனைக்கப்புடாது."

"கேளுங்க மாமா."

என் வயதில் நான் செய்யாத காரியம் இது. தூரத்தில் மச்சான் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, பெரிய தொப்பை, ஊரில் யாருக்கும் அடையாளம் தப்பாத நடை.

"அங்கன வாரது யாரு?" என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். முகம் சுளிந்தது. இந்த முறை நான் கண்ணை எடுக்காமல் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிறவனின் முகம் அது.

"யாரோ ஒரு ஆளு வாராரு."

"உங்க சின்ன மாமா."

அவர் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டார். மச்சான் வந்து சேர்ந்து, எங்கள் இருவரையும் பார்த்து, என்ன நினைத்தானோ, பொட்டலத்தை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டான்.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"போன நோன்புக்கு முன்னாலேருந்து மாமா. மொதல்ல வெளக்கச் சுத்தி வெளிச்சம் செதறுச்சி. பெறவு எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிது. பெருநாள் பிறை பாக்க மாடிக்குப் போனோம். எல்லாரும் ஒரு பிறை பாத்தாங்க. நான் மூணு பாத்தேன்." சிரிக்கப் பார்த்தார். "கண்ணாடி போட்டேன். அதுலயும் நேராவல. ஒரு நாள் எதுக்க வந்த வெளிச்சத்துல நிப்பாட்டியிருந்த வண்டில ஒரசிட்டேன். ஆளுக்கு ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். சூப்பர்வைசர்ட்ட வெயிலு அடிச்சிதுன்னு சொல்லிட்டு லீவு போட்டு வந்துட்டேன். திரும்பிப் போனா கண் டெஸ்ட் இருக்கு. அதுல தேறாட்டி வண்டி கெடையாது."

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? வேலயில்லாம பொண்ணு வீட்டுல எப்படி மாமா இருக்க? அதான் உம்மா வீட்டுக்குப் போனேன்." மறுபடி மணலை அள்ளினார். "நான் எறங்கி வந்தா எல்லாரும் பேச்ச நிப்பாட்டுதிய. தெரிஞ்சிபோச்சி, இவன எப்ப வெளிய அனுப்பலாம்னு பேசுதியன்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தா கண்டுபுடிச்சிறலாம்னு பாப்பேன். உத்து உத்துப் பாப்பேன். மூஞ்சியே தெரியாது மாமா. வெள்ளையா ஒண்ணு இருக்கும், அவ்வளவுதான்."

எங்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அவர் அப்படிச் செய்திருக்கிறார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். மாமனாரும் மருமகனும் கைகோர்த்துப் போவதைத் தெருவே பார்த்தது. வீட்டு வாசலில் மகள் நின்றாள். அவளிடம் நான்தான் சொன்னேன். முதலில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அது நிஜம். பிறகு அவளுக்கும் விளங்கியது. "கண்ணு தெரியாமப் போயிருமா வாப்பா?" என்று கேட்டாள். என் மனைவி கவிழ்த்து வைத்த தட்டை நிமிர்த்தி, சோறு போட்டாள். மீனில் ஒவ்வொரு முள்ளாகத் தானே எடுத்துவிட்டுக் கொடுத்தாள்.

தூத்துக்குடியில் பார்த்த டாக்டர் எங்களைத் திருநெல்வேலியில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒவ்வொரு மிஷினிலும் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் டாக்டர் அம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது, இந்த வயதில் சிலருக்கு வருவதுதான், கண்ணைக் கசக்குகிற பழக்கமும் கெடுதல் என்றார்கள். மருந்தை ஊற்றி ஒரு வெளிச்சத்தைக் காட்டி அதை இறுக வைக்கலாம். இனிமேல் மோசமாகாமல் நிற்க அது உதவும். போனது அதனால் திரும்பாது. ஆறின பிறகு தனியாக ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும், அதில் எவ்வளவு தெரியும் என்று இப்போது சொல்ல முடியாது. வலது கண் முத்தியிருக்கிறது, அதை முதலில் செய்வோம் என்றார்கள்.

அவரை உள்ளே கொண்டு போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நாசரேத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கண்புரைக்குப் பார்க்க வந்திருந்தார்கள். என்னைப் பார்த்து முகத்தை ஒரு மாதிரி வைத்தார்கள். நான் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

"உங்க மேல கோவமில்ல அண்ணாச்சி," என்றார்கள். "கண்ணுல மருந்து விட்டிருக்காங்க. எல்லாரும் புகை மாதிரி தெரியுறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கிவிட்டது. யாரென்று தெரியாதவர்களிடம் சொல்லுவது சுலபம். எங்கள் கதையைச் சொல்லிவிட்டு, "சுளிக்கிறதுன்னா கோவம்தானே டீச்சர்? அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அகராதியில கோவம்னும் இருக்கும்," என்றார்கள். "ஆனா சுருங்கு, சுருட்டு, சுழி, சுளுக்கு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க. எல்லாம் மடங்குறது, முறுக்குறது. ஒரே வேருன்னு அடிச்சிச் சொல்ல நான் அவ்வளவு படிக்கல. எனக்குப் பட்டதச் சொல்றேன். சுளுக்குன்னா ஒரு சதை புடிச்சிக்கிடுது, அவ்வளவுதான. முகத்துல சதை மடங்குறது சுளிப்பு. புளியத் தின்னாலும் மடங்கும், வலிச்சாலும் மடங்கும், கண்ணு கூசினாலும் மடங்கும். அத எதிர்ல நிக்கிறவன் பாத்துட்டு, நம்ம மேல கோவம்னு எடுத்துக்கிட்டான் போல. நாளாக நாளாக அதுவே அர்த்தமாப் போச்சு."

பேர் கூப்பிட்டார்கள் என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போனார்கள். நான் கை கொடுத்துக் கதவு வரை விட்டுவிட்டு வந்தேன்.

பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, மனப்பாடமாகத் தெரிந்த குர்ஆனின் சின்ன அத்தியாயங்களை ஒவ்வொன்றாக ஓதிக்கொண்டிருந்தேன். பயம் வரும்போது நான் அப்படித்தான் செய்வேன், அர்த்தத்தை யோசிக்க மாட்டேன், நாக்கு தானாகப் போகும். அப்படிப் போன நாக்கு ஓரிடத்தில் நின்றது. அந்த அத்தியாயம் தொடங்குவதே முகம் சுளிப்பதைச் சொல்லித்தான். பார்வை இல்லாத ஒருவர் நபிகள் நாயகத்தைத் தேடி வந்த நேரம் அது. ஆலிம்சா பள்ளியில் பயான் பேசும்போது பல தடவை விளக்கிக் கேட்டிருக்கிறேன். அந்த மேன்மக்களின் காரியத்தோடு என் வீட்டுக் காரியத்தைச் சேர்த்துப் பேச எனக்கு நாவு கூசுகிறது. ஒன்று மட்டும் அந்த பெஞ்சில் புதிதாகத் தோன்றியது. வந்தவருக்குக் கண் தெரியாது. முகம் சுளித்தது அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது. அப்படியும் அல்லாஹ் அதை விட்டுவிடவில்லை. பார்க்க முடியாதவர் பக்கம் நின்று பேசினான்.

அப்படியானால் பார்வை மங்கிய பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காத என் பக்கத்து நியாயம் என்ன என்று நினைத்ததும் மேலே ஓத முடியவில்லை. இந்தப் பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றிக் கொடு என்று தமிழிலேயே கேட்டேன்.

கதவு திறந்து அவரைக் கூட்டி வந்தார்கள். வலது கண்ணில் மூடி, மேலே கறுப்புக் கண்ணாடி. நர்ஸ் அவர் கையை விட்டதும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். "மாப்பிள்ள, மாமா இங்கன இருக்கேன்," என்றேன். குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

இப்போது இடது கண்ணையும் செய்தாகிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. லாரி இனி இல்லை என்று கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது. வேறு வேலை என்ன என்பது லென்ஸைப் பொறுத்தது. அவர் எங்களோடுதான் இருக்கிறார். அவர் உம்மா வீட்டுக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போகிறார், இரண்டு பேருமாகத் திரும்பி வருகிறார்கள். மாடியில் அந்த நீள விளக்கைக் கழற்றி என் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். பெரியவரிடம் மச்சான் போய்ச் சொன்னான். அவர் வீட்டுக்கே வந்து, மாப்பிள்ளையின் கையைத் தானே எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. அவர் இருக்கிற இடத்துக்குப் போகிறவர்கள் வாசலிலேயே குரல் கொடுக்க வேண்டும். மாமி வாரேன், சின்ன மாமா வாரேன் என்று. அவர் இறங்கி வந்தால் பேச்சை நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். நடுக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் தங்கச்சியும் "சின்ன மாமி வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். முன்பெல்லாம் அவள் குரல் இந்த வீட்டில் இவ்வளவு கேட்டதில்லை.

நேற்று கடையிலிருந்து திரும்பியபோது குரல் கொடுக்க மறந்துவிட்டேன். அவர் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆள் அரவம் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் சுளித்தது. எத்தனை தெரிந்த பிறகும் அந்த ஒரு நொடி கால் தானாகத் திரைப் பக்கம் ஒதுங்கப் பார்த்தது.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரை நோக்கி நடந்தேன். பாதி தூரத்தில் புருவம் இளகியது. இன்னும் கிட்டே போனேன்.

"மாமாவா?" என்றார்.

"ஆமா மாப்பிள்ள," என்று எதிரே உட்கார்ந்தேன்.